எம்ஜிபி 1798 சிசி: இரட்டை எஸ்யூவிலிருந்து வெபர் 45 டிசிஓஇக்கு மாற எந்த இன்டேக் மேனிஃபோல்ட் சரி?

குரோம்பம்பர்:
வணக்கம். கார் 1970 எம்ஜிபி, வலது பக்க ஸ்டீயரிங். ஹெட், கேம்ஷாஃப்ட் ரெண்டும் கம்பெனியில வந்தபடியே இருக்கு. இப்ப இருக்கிறது இரட்டை எஸ்யூ எச்எஸ்4 கார்புரேட்டர். எக்ஸாஸ்டுக்கு மட்டும் குழாய் வகை ஹெடர் போட்டிருக்கு. அதுக்குப் பதிலா ரெண்டு பேரல் உள்ள வெபர் 45 டிசிஓஇ கார்புரேட்டர் ஒண்ணு போடணும். மேனிஃபோல்ட் ரெண்டு வகை கிடைக்குது: ஒண்ணு கட்டையா நேரா வரும், இன்னொண்ணு அன்னத்தோட கழுத்து மாதிரி வளைஞ்சு நீளமா வரும். எதை எடுக்கலாம்? பொருத்தும்போது எதையெல்லாம் கவனிக்கணும்? பிரேக் பூஸ்டர் இருக்கு. இன்ஜின் ப்ரீதர் (உள்ளே சேருற புகை வெளிய போற குழாய்) இப்ப கார்புரேட்டருக்குத்தான் போகுது.

டேப்பட்:
மேனிஃபோல்டைத் தேர்ந்தெடுக்கும் முன் ஹெட்டைப் பாருங்கள். எம்ஜிபியின் பி சீரிஸ் இன்ஜின் ஹெட்டில் மொத்தம் ஐந்தே வாய்கள். இன்டேக் வாய் இரண்டு: 1, 2ஆம் சிலிண்டருக்கு ஒன்று, 3, 4க்கு ஒன்று. எக்ஸாஸ்ட் வாய் மூன்று: 1க்குத் தனி, 4க்குத் தனி, 2, 3க்குச் சேர்த்து ஒன்று. இதைத்தான் சயாமீஸ் போர்ட் என்கிறோம். ஃபயரிங் ஆர்டர் 1-3-4-2. அதனால் 2 இழுத்து முடிப்பதற்குள் பக்கத்திலுள்ள 1 இழுக்கத் தொடங்கிவிடும். 3க்கும் 4க்கும் அதே கதை. ஒவ்வொரு வாயும் 180 டிகிரி இடைவெளியில் இரண்டு இழுப்பைச் சந்திக்கும், அதன் பிறகு அடுத்த இழுப்பு தொடங்குவது 540 டிகிரி கழித்துத்தான்.

டிசிஓஇயின் ஒரு பேரல் ஒரு வாய்க்கு, மற்றது இன்னொரு வாய்க்கு. ஒரு பேரலை இரண்டு சிலிண்டர்கள் பங்குபோட்டுக்கொள்கின்றன. சிலிண்டருக்கு ஒரு பேரல் உள்ள இன்ஜின்களுக்காக எழுதிய ஜெட் கணக்கையும் மேனிஃபோல்ட் நீளக் கணக்கையும் இங்கே அப்படியே கொண்டுவர முடியாது. எஸ்யூ மேனிஃபோல்டில் இரண்டு பக்கத்தையும் இணைக்கும் பேலன்ஸ் குழாய் அலங்காரத்துக்கு வைத்ததல்ல. ஒரு வாய் சும்மா இருக்கும் நேரத்தில் அந்தப் பக்கக் கார்புரேட்டர் அடுத்த பக்கத்துக்குக் கைகொடுக்கிறது.

கம்பெனி கேம்ஷாஃப்ட் என்று எழுதியிருக்கிறீர்கள், அதனால் இதையும் சொல்லிவிட வேண்டும். ஸ்பிண்டில் (த்ராட்டில் தண்டு) தேயாத, நன்றாகச் செட் செய்த இரட்டை எச்எஸ்4ஐ விட வெபரால் அந்தக் கேமில் கிடைக்கும் கூடுதல் சக்தி மிகக் குறைவு. வெபரின் பலம், பெரிய கேமுக்கும் வேலை செய்த ஹெட்டுக்கும் ஏற்றபடி ஜெட் மாற்றிக்கொள்ளலாம் என்பதில் இருக்கிறது. ஹெட் வேலை பிறகு வரப்போகிறது என்றால் இப்போதே மாற்றுவதில் அர்த்தம் உண்டு.

மூன்றாம்கியர்:
டேப்பட் சொல்றது சரிதான், ஆனா ஒண்ணு சேர்க்கணும். பல வண்டியில எச்எஸ்4 ஸ்பிண்டில் ஆடி ஆடி ரெண்டு பக்கமும் காத்து புடிச்சுக்கிட்டுதான் இருக்கும். அதோட ஒப்பிட்டுட்டு "வெபர் போட்டேன், வண்டி பறக்குது"ன்னு சொல்லுவாங்க. புது ஸ்பிண்டில், புஷ், நீடில், ஜெட் போட்ட எஸ்யூதான் ஒப்பிட வேண்டிய ஆளு.

கேள்விக்கு வர்றேன். நீளமான, வளைஞ்ச மேனிஃபோல்டை எடுங்க. ரோட்டுல ஓட்டுற வண்டிக்குக் கீழ் ஆர்பிஎம், நடு ஆர்பிஎம்ல இழுவைதான் வேணும், அது நீளத்துல கிடைக்கும். கட்டை மேனிஃபோல்டுல போர்ட் வாய்க்கும் த்ராட்டில் தகடுக்கும் நடுவுல இடமே இருக்காது. எஞ்சின் பெட்ரோலைத் திருப்பித் துப்புறது ட்ரம்பெட் (காத்து உள்ள போற புனல்) வழியா வெளிய வந்து ஃபில்டரை நனைக்கும். ஆனா நீளமா எடுத்தா இடம் அளக்கணும். எம்ஜிபில கார்புரேட்டர் இன்ஜினோட இடது பக்கம். வலது பக்க ஸ்டீயரிங்னா அந்தப் பக்கம் ஓரளவு காலி, உங்களுக்கு அதிர்ஷ்டம். இடது பக்க ஸ்டீயரிங் வண்டின்னா ஸ்டீயரிங் காலம், பெடல் பாக்ஸ், மாஸ்டர் சிலிண்டர் எல்லாம் அந்தப் பக்கமே வரும். அங்க பல நேரம் நீளமானது உள்ளேயே போகாது.

மேனிஃபோல்ட் வாங்குறதுக்கு முன்னாடி அட்டையில டிசிஓஇ அளவுக்கு ஒரு பெட்டி செஞ்சு, ட்ரம்பெட், ஃபில்டர் எல்லாம் சேர்த்து வச்சுப் பாருங்க. பானெட்டை மூடிப் பாருங்க. இன்ஜின் மவுன்டிங் ரப்பர்ல ஆடும், அதனால சுத்திலும் 15 மிமீயாவது காலி வேணும். ட்ரம்பெட் வாய்க்கும் எதிர்ச் சுவருக்கும் நடுவுல பேரல் விட்டம் அளவுக்கு, அதாவது 45 மிமீ இருந்தா நல்லது.

ஃபீலர்கேஜ்:
எல்லோரும் கார்புரேட்டரைப் பற்றியே பேசுகிறோம். இந்த இன்ஜினில் மேனிஃபோல்ட் மாற்றும் வேலை கெட்டுப்போவது ஃபிளாஞ்சில்.

இன்டேக் மேனிஃபோல்டும் எக்ஸாஸ்டும் ஹெட்டின் ஒரே பக்கத்தில், ஒரே கேஸ்கெட்டின் மேல், பெரும்பாலும் ஒரே ஸ்டட்களில் உட்காருகின்றன. தடித்த பெரிய வாஷர் ஒன்றின் ஒரு பாதி இன்டேக் ஃபிளாஞ்சையும் மறு பாதி எக்ஸாஸ்ட் ஃபிளாஞ்சையும் அழுத்துகிறது. இரண்டு ஃபிளாஞ்சும் ஒரே தடிமனாக இருந்தால்தான் வாஷர் நேராக உட்காரும். ஒன்று அரை மில்லிமீட்டர் தடித்தால் வாஷர் சாய்ந்து, தடித்ததை மட்டும் அழுத்தும். மெல்லியது கேஸ்கெட்டின் மேல் சும்மா சாய்ந்து நிற்கும். நட்டை எவ்வளவு முறுக்கினாலும் அது இறுகாது. ஸ்டட் வளையும், இல்லையென்றால் மரை போகும்.

கம்பெனி இன்டேக்கும் கம்பெனி எக்ஸாஸ்டும் ஒன்றுக்கொன்று பொருந்தும்படி செய்தவை. நீங்கள் இரண்டையுமே வெவ்வேறு ஆட்களிடமிருந்து எடுக்கிறீர்கள். அளக்காமல் பொருத்தாதீர்கள்.

வேலை இப்படி. ஒவ்வொரு வாஷரும் உட்காரும் இடத்தில் இரண்டு ஃபிளாஞ்சின் தடிமனையும் வெர்னியரால் அளந்து தாளில் எழுதிக்கொள்ளுங்கள். ஒரே இடத்தில் அளந்துவிட்டு மற்றதும் அதேதான் என்று விடாதீர்கள். வித்தியாசம் 0.1 மிமீக்குள் இருந்தால் கேஸ்கெட் சமாளிக்கும். அதற்கு மேல் போனால் இரண்டு வழி. தடித்த ஃபிளாஞ்சின் வாஷர் உட்காரும் முகத்தை மில்லிங்கில் இறக்கலாம். அல்லது வாஷரின் ஒரு பாதியை அந்த அளவுக்குத் தேய்த்துப் படி வைக்கலாம். படி வைத்த வாஷர் திரும்பிக்கொள்ளாமல் இருக்க, இறுக்கும்போது இடுக்கியால் பிடித்துக்கொள்ள வேண்டும். எந்த வாஷர் எந்த ஸ்டட்டுக்கு என்று குறி போட்டுவிடுங்கள்.

அடுத்தது முகம். இரண்டையும் தட்டையான கண்ணாடி மேல் வைத்து, அடியில் 0.1 மிமீ ஃபீலர் நுழைகிறதா என்று பாருங்கள். வெல்டிங் செய்த ஹெடர் ஃபிளாஞ்ச் பெரும்பாலும் வளைந்துதான் வரும். நுழைந்தால் முகம் பிடிக்க (மில்லிங்கில் தட்டையாக்க) வேண்டும். ஹெட்டின் முகத்திலும் ஸ்ட்ரெய்ட் எட்ஜ் வைத்துப் பாருங்கள், பழைய கேஸ்கெட் ஒட்டியிருந்தால் சுரண்டி எடுங்கள்.

அதற்குப் பிறகு வாய் பொருத்தம். கேஸ்கெட்டை ஹெட்டில் மாட்டி, ஓட்டை போர்ட்டுக்குள் துருத்துகிறதா என்று பாருங்கள். பிறகு அதே கேஸ்கெட்டை மேனிஃபோல்டில் வைத்துக் கோடு போடுங்கள். மேனிஃபோல்ட் வாய் ஹெட் வாயை விடப் பெரிதாக இருந்து, ஓடிவரும் காற்றுக்கு எதிரே படி நின்றால் அதுதான் கெடுதல். மேனிஃபோல்ட் வாய் அரை மில்லிமீட்டர் சிறிதாக இருந்தால் ஒன்றும் ஆகாது, விட்டுவிடுங்கள். உள்ளே கண்ணாடி மாதிரி பாலிஷ் போட வேண்டாம். சொரசொரப்பு பெட்ரோல் சுவரில் ஓடையாக வழியாமல் தடுக்கும்.

குரோம்பம்பர்:
அளந்தேன். இன்டேக் ஃபிளாஞ்ச் ரெண்டு முனையிலயும் ஒரே அளவு. ஹெடர் முனை ஃபிளாஞ்ச் ரெண்டும் அதைவிட 0.1 மிமீ அதிகம், அவ்வளவுதான். பூஸ்டருக்கும் ப்ரீதருக்கும் என்ன செய்யணும்?

டேப்பட்:
பூஸ்டர்: மேனிஃபோல்டில் மரை போட்ட வாய் இருக்கிறதா, எந்தக் குழாயில் இருக்கிறது என்று பாருங்கள். பல மேனிஃபோல்டில் ஒரு குழாயில் மட்டும்தான் இருக்கும், பூஸ்டருக்கு அது போதும். ஆனால் நான்-ரிட்டர்ன் வால்வு நல்ல நிலையில் இருக்க வேண்டும், ஏனென்றால் அந்தக் குழாயில் வாக்கும் (இன்ஜின் உறிஞ்சும் வெற்றிடம்) ஒரே சீராக இருக்காது, துடித்துக்கொண்டே இருக்கும். பூஸ்டர் ஹோஸ் எந்தக் குழாயில் மாட்டியிருக்கிறது என்பதை நினைவில் வையுங்கள். ஹோஸ் கசிந்தால் அந்தப் பக்கத்து இரண்டு பிளக் மட்டும் வெளுக்கும்.

டிஸ்ட்ரிபியூட்டரின் வாக்கும் அட்வான்ஸ்: உங்கள் எச்எஸ்4இல் அது பின் கார்புரேட்டரின் த்ராட்டில் ஓரத்து ஓட்டையிலிருந்து வருகிறது. ஐட்லிங்கில் அங்கே வாக்கும் இல்லை. மேனிஃபோல்டிலிருந்து எடுத்தால் ஐட்லிங்கிலேயே முழு அட்வான்ஸ் வந்துவிடும், ஆகவே டைமிங்கைத் திரும்பச் செட் செய்ய வேண்டும். துடிப்பைக் குறைக்கக் குழாயில் 1 மிமீ ஓட்டையுள்ள ரெஸ்ட்ரிக்டர் ஒன்றும் வேண்டும். வாக்குமே வேண்டாம் என்று அடைத்துவிடுவதும் உண்டு. இன்ஜினுக்குக் கெடுதல் இல்லை, மெதுவாக ஓட்டும்போது மைலேஜ் குறையும்.

ப்ரீதர்: இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். உங்கள் இன்ஜினில் முன் டேப்பட் கவரிலிருந்து வரும் குழாய் இரண்டு கார்புரேட்டருக்கும் பிரிந்து போகிறது. கார்புரேட்டர் அந்தப் புகையை இழுத்துக்கொள்ளும். டிசிஓஇயில் அதற்கு இடமே கிடையாது. அந்தக் குழாயை அடைத்துவிட்டால் கிராங்க் கேஸில் அழுத்தம் ஏறி, கிடைத்த சந்திலெல்லாம் ஆயில் கசியும். 15 மிமீக்குக் குறையாத ஹோஸை மேல்நோக்கி எடுத்து, மூச்சு விடும் கேட்ச் டேங்க் ஒன்றில் விடுங்கள். பூஸ்டர் வாயோடு நேராக இணைக்காதீர்கள், அது கட்டுப்பாடில்லாத ஏர் லீக்.

மூன்றாம்கியர்:
கார்புரேட்டரை மேனிஃபோல்டுல மாட்டுற விதம் தனி விஷயம். டிசிஓஇயைக் கேஸ்கெட் வச்சு இறுக்கி மாட்டக் கூடாது. நாலு சிலிண்டர் அதிர்வு நேரா ஃப்ளோட் சேம்பருக்குப் போனா பெட்ரோல் நுரைக்கும். ஒரு குறிப்பிட்ட ஆர்பிஎம்ல மட்டும் மிஸ்ஸிங் வரும், ஜெட் மாத்தி மாத்தி ஓய்ஞ்சு போவீங்க. ரெண்டு பக்கமும் ஓ ரிங் பதிச்ச தகடு வச்சு, நட்டுக்கு அடியில ரெட்டைச் சுருள் ஸ்ப்ரிங் வாஷர் இல்லேன்னா ரப்பர் வாஷர் போடுங்க. நைலான் பூட்டு நட் போட்டு, சுருளுக்கு நடுவுல 0.5லேருந்து 1 மிமீ இடைவெளி இருக்கிற மாதிரி நிறுத்திடுங்க. கையால ஆட்டினா கார்புரேட்டர் லேசா ஆடணும். முழுசா இறுக்கினா ஓ ரிங் நசுங்கும், வச்சதுக்கே பிரயோஜனம் இல்லை.

டிசிஓஇ கனம். வளைஞ்ச மேனிஃபோல்டோட முனையில தொங்கும். அடியில ஒரு தாங்கு கம்பி கொடுங்க, ஆனா அது இன்ஜின் பிளாக்குல புடிக்கணும். பாடியில புடிச்சா இன்ஜின் ஆடும்போது மேனிஃபோல்டை வெடிக்க வச்சிரும். பேரல் இன்ஜின் பக்கமா 5 டிகிரி போல கீழே சரிஞ்சிருக்கணும், மேல் பக்கம் சரிவு கூடவே கூடாது.

சூடும் இருக்கு. எக்ஸாஸ்ட் நேரா அடியில. எஸ்யூல இன்சுலேட்டர் கட்டையும் ஹீட் ஷீல்டும் சேர்ந்தே வரும், டிசிஓஇக்கு நீங்கதான் செய்யணும். 1.5 மிமீ அலுமினியத் தகடு, ஹெடருக்கும் கார்புரேட்டருக்கும் நடுவுல. தகடு எதையும் தொடாம ரெண்டு பக்கமும் காத்து ஓடணும். பெட்ரோல் ஹோஸ் ஹெடர் மேல போகவே கூடாது. எத்தனால் கலந்த பெட்ரோல்னா ஆர்9 ஹோஸ்தான்.

ஜெட்135:
பெட்ரோல் பிரஷரை யாரும் சொல்லவில்லை. டிசிஓஇக்கு 2.5 முதல் 3.5 பிஎஸ்ஐ. அதற்கு மேல் போனால் நீடில் வால்வு தாங்காது, ட்ரம்பெட் வழியாகப் பெட்ரோல் சொட்டும், கீழே சூடான ஹெடர் காத்திருக்கிறது. காரோடு வந்த எஸ்யூ பம்ப் என்றால் பொதுவாக ரெகுலேட்டர் தேவைப்படாது. வேறு எலெக்ட்ரிக் பம்ப் மாற்றியிருந்தால் கேஜ் வைத்து அளக்காமல் ஸ்டார்ட் செய்ய வேண்டாம்.

ஜெட்: சாதா கேமுக்கு 34 சோக் (பேரலுக்குள் காற்று ஓடும் குறுகிய தொண்டை, 34 மிமீ). பொதுக் கணக்கு, சோக்கை நாலால் பெருக்கினால் மெயின் (பெட்ரோல் ஜெட்), மெயினோடு 50 கூட்டினால் ஏர் கரெக்டர் (காற்று ஜெட்). அதாவது ஏறக்குறைய 135, 185. எமல்ஷன் ட்யூப் எஃப்16. ஐடில் ஜெட் 50 எஃப்8. ஆனால் டேப்பட் சொன்னதுபோல இந்தக் கணக்கு சிலிண்டருக்கு ஒரு பேரல் உள்ள இன்ஜினுக்கானது. சயாமீஸ் வாயில் மெயின் பெரும்பாலும் அதைவிட 10, 15 கூடுதலாகத்தான் முடியும். 145, 150 மெயினும், 55 எஃப்8 ஐடில் ஜெட்டும் கையில் வைத்துக்கொண்டு தொடங்குங்கள்.

குரோம்பம்பர்:
நீளமானதையே மாட்டியாச்சு. நட்டெல்லாம் 20 நியூட்டன் மீட்டர். ஆனா ஐட்லிங் 1300க்குக் கீழ இறங்கல, ஸ்பீடு ஸ்க்ரூவை முழுசா விட்டாலும் அதேதான். ஆக்ஸிலேட்டரை விட்டா சைலன்சர்ல வெடிக்குது. பிளக் 1, 2 காபித்தூள் நிறம், 3, 4 வெள்ளை. சின்னதா "உஸ்"னு சத்தம்.

டேப்பட்:
3, 4 மட்டும் வெளுத்ததால் பாதி வேலை முடிந்துவிட்டது. ஜெட்டைத் தொடாதீர்கள், அந்தப் பக்கத்துக் குழாயில் காற்று புகுகிறது. பூஸ்டர் வாய் அந்தக் குழாயில்தானா? ஹோஸை இடுக்கியால் நசுக்கிப் பாருங்கள். ஆர்பிஎம் இறங்கினால் கசிவு ஹோஸிலோ பூஸ்டரிலோ. இறங்காவிட்டால் ஹெட்டிலுள்ள ஃபிளாஞ்ச், அல்லது கார்புரேட்டர் பக்கத்து ஓ ரிங்.

கண்டுபிடிக்கக் கார்ப் கிளீனர் அடிக்க வேண்டாம், ஹெடர் அடியிலேயே இருக்கிறது, தீப்பிடிக்கும். இன்ஜின் சூடாகும் முன் ஸ்ப்ரே பாட்டிலில் தண்ணீர் எடுத்து, சந்து சந்தாக நூல் போல அடியுங்கள். தண்ணீர் சந்தை அடைக்கும் அந்த நொடியில் ஆர்பிஎம் இறங்கும்.

குரோம்பம்பர்:
காரணம் பூஸ்டர் இல்லை. ஹோஸை நசுக்கினாலும் மாற்றமில்லை. தண்ணீர் அடிச்சதுல 3, 4 இன்டேக் ஃபிளாஞ்சோட உள் ஓரம், நடு எக்ஸாஸ்ட் பக்கத்துல, ஆர்பிஎம் 200 இறங்குது.

ஃபீலர்கேஜ்:
நடு எக்ஸாஸ்ட் ஃபிளாஞ்சை அளந்தீர்களா? மேலே முனைகளின் அளவு மட்டும்தான் எழுதியிருக்கிறீர்கள்.

குரோம்பம்பர்:
அளக்கல. இப்ப கழட்டி அளந்தேன். நடு ஃபிளாஞ்ச் இன்டேக்கை விட 3ஆம் சிலிண்டர் பக்கம் 0.6 மிமீ அதிகம், 2 பக்கம் 0.2. கேஸ்கெட்டுல அந்த இடத்துல அச்சே விழல.

ஃபீலர்கேஜ்:
வெல்டிங் சூட்டில் ஃபிளாஞ்ச் சாய்ந்திருக்கிறது. முதலில் ஹெட்டில் உட்காரும் முகத்தைக் கண்ணாடி மேல் வைத்துப் பாருங்கள். அது தட்டையாக இருந்தால், 3 பக்கத்து வாஷர் உட்காரும் மேல் முகத்தில் மட்டும் 0.6 இறக்கினால் போதும், 2 பக்கம் 0.2. முகமும் வளைந்திருந்தால் மூன்று எக்ஸாஸ்ட் ஃபிளாஞ்சையும் சேர்த்து ஒரே தளமாக மில்லிங் பிடித்துவிட்டு, அதற்குப் பிறகு தடிமனைத் திரும்ப அளக்க வேண்டும். முகம் பிடிக்கும் முன் வாஷருக்குப் படி வைத்தால் அந்த வேலை வீண்.

கேஸ்கெட் புதிது போடுங்கள், ஒருமுறை நசுங்கியது மறுபடி அடைக்காது. எல்லா நட்டையும் விரலால் ஏற்றி, இரண்டு மேனிஃபோல்டும் ஹெட்டோடு ஒட்டியிருப்பதைப் பார்த்துவிட்டு, நடுவிலிருந்து வெளியே 10, 15, 20 என்று மூன்று சுற்றில் இறுக்குங்கள். ஹெடரைச் சைலன்சர் குழாயோடு இணைக்கும் போல்ட்டைக் கடைசியில்தான் இறுக்க வேண்டும். முன்பே இறுக்கினால் குழாய் ஹெடரைக் கீழே இழுத்துப் பிடித்துக்கொள்ளும். ஒருமுறை நன்றாகச் சூடாக்கி, முழுக்க ஆறவிட்டு, திரும்ப 20.

குரோம்பம்பர்:
முகம் தட்டைதான். மேல் முகத்துல இறக்கி, புது கேஸ்கெட் போட்டாச்சு. ஐட்லிங் 850, "உஸ்" சத்தம் போச்சு, நாலு பிளக்கும் ஏறக்குறைய ஒரே நிறம். மிக்சர் ஸ்க்ரூ ரெண்டும் ரெண்டு சுத்து வெளிய. இன்னும் ரெண்டு குறை: 2000 - 2500ல மெதுவா ஆக்ஸிலேட்டர் கொடுத்தா ஒரு தடுமாற்றம். அப்புறம் 4500க்கு மேல மூச்சு முட்டுது.

ஜெட்135:
இரண்டுக்கும் காரணம் வேறு.

2000 - 2500 தடுமாற்றம் ஐடில் ஜெட் வேலை. அந்த ஆர்பிஎம்மில் மெதுவாக ஓட்டும்போது இன்ஜின் இன்னும் மெயினுக்கே போகவில்லை, ப்ரோக்ரஷன் ஓட்டைகளில்தான் ஓடுகிறது, அவற்றுக்குப் பெட்ரோல் ஐடில் ஜெட்டிலிருந்து வருகிறது. 55 எஃப்8 போடுங்கள். தடுமாற்றம் குறைந்து கொஞ்சம் மீதி இருந்தால் 55 எஃப்9, அது எஃப்8ஐ விட ரிச் (பெட்ரோல் அதிகம்). பம்ப் ஜெட்டைத் தொட வேண்டாம், திடீரென மிதிக்கும்போது வரும் குறைக்குத்தான் அது. மிக்சர் ஸ்க்ரூ புதிய மெல்லிய மரை வகை என்றால் இரண்டு, இரண்டரை சுற்று சரி. பழைய பெரிய மரை வகைக்கு ஒரு சுற்றே அதிகம், எந்த வகை என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

4500க்கு மேல் மூச்சு முட்டுவதற்கு, மெயின் மாற்றும் முன் ஏர் ஃபில்டரைக் கழற்றிவிட்டு ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். டிசிஓஇயின் முன் முகத்தில், இரண்டு வாய்க்கும் நடுவே மேலே, ஃப்ளோட் சேம்பர் மூச்சு விடும் வழி இருக்கிறது. ஃபில்டர் தகடோ கேஸ்கெட்டோ அதை மூடினால் மேல் ஆர்பிஎம்மில் பெட்ரோல் அளவு தடுமாறும்.

மூன்றாம்கியர்:
அதோட த்ராட்டிலையும் பாருங்க. ஒருத்தர் பெடலை அடி வரைக்கும் மிதிக்கணும், நீங்க ட்ரம்பெட் வழியா எட்டிப் பாக்கணும். தகடு முழுசா கிடையா நிக்குதா? எஸ்யூ கேபிள், வெபர் லிவர் கலந்து போடும்போது முக்கால்தான் திறக்கும், பல பேர் அதைக் கவனிக்கிறதில்லை. ரிட்டர்ன் ஸ்ப்ரிங் ரெண்டு போடுங்க, ஒண்ணு அறுந்தாலும் இன்னொண்ணு மூடும்.

குரோம்பம்பர்:
த்ராட்டில் முழுசா திறக்குது. ஃபில்டர் கேஸ்கெட்தான் தலைகீழா இருந்தது, மூச்சு ஓட்டை மூடியிருந்தது. திருப்பிப் போட்டதும் 5500 வரைக்கும் தடையில்லாம போகுது. 55 எஃப்8ல தடுமாற்றமும் போச்சு. மெயின் 135லயே விடலாமா? ஹெடர் சேருற இடத்துல வைட்பேண்ட் சென்சார் வச்சுப் பார்த்தா முழு த்ராட்டில்ல காத்து-பெட்ரோல் விகிதம் 13.6 காட்டுது.

ஜெட்135:
விட வேண்டாம். 13.6 முழு த்ராட்டிலுக்கு லீன் (பெட்ரோல் குறைவு). அது நான்கு சிலிண்டரின் சராசரியும்கூட. இந்த ஹெட்டில் உள் சிலிண்டருக்கும் வெளி சிலிண்டருக்கும் கலவை ஒன்றாக இருக்காது, ஆகவே ஏதோ இரண்டு அதைவிட லீனாக ஓடிக்கொண்டிருக்கும். 145 போட்டு, 12.5க்கும் 13க்கும் நடுவே கொண்டுவாருங்கள். பிறகு முழு த்ராட்டிலில் இழுத்து, க்ளட்ச் மிதித்து, இன்ஜினை அப்படியே அணைத்து, நான்கு பிளக்கையும் பாருங்கள். நான்கில் மிக வெளுத்தது எதுவோ அதை வைத்து மெயினை முடிவு செய்யுங்கள். மற்ற மூன்றும் கொஞ்சம் ரிச்சாக இருந்தால் பரவாயில்லை. 5000க்கு மேல் மட்டும் ரிச் ஆகிப்போனால் மெயினைக் குறைக்காமல் ஏர் கரெக்டரை 185லிருந்து 195, 200 என்று ஏற்றுங்கள்.